ஏழாம் வகுப்பில் ஒரு பையனை எல்லோரும் ‘பூசணி’ என்கிறார்கள், தமிழ் வகுப்பில் என்ன செய்யலாம்?

திருமங்கலம் பக்கம் தமிழ் எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டது இது. ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள். கொஞ்சம் பருமனான ஒரு பையனை எல்லோரும் ‘பூசணி’ என்று கூப்பிடுகிறார்கள். வருகைப்பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வந்தாலே பின்பெஞ்சில் நாலு பேரிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்புகிறது. இப்போதெல்லாம் பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், வாய் திறப்பதில்லை. கண்டித்துப் பார்த்தாயிற்று, ஹெச்.எம். ஒரு பேச்சுப்போட்டி வையுங்கள் என்கிறார். கதை, கவிதை, நாடகம் என்று வகுப்புக்குள்ளேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் டீச்சர். நான் மேலூர் பக்கம் 26 வருடமாகத் தமிழ்தான் எடுக்கிறேன், பிள்ளைகளுக்குத் தமிழம்மா. இந்த விஷயத்தில் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிகம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பையனுக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்கவும் கிளம்ப வேண்டாம், கேலியை ஆரம்பித்து வைக்கிற நாலு பேரைத் திருத்தவும் கிளம்ப வேண்டாம். மீதி 37 பேர் இருக்கிறார்களே, பெயர் வந்ததும் கூடச் சிரிப்பவர்கள், சிரிக்காமல் டெஸ்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களுக்காகத்தான் நீங்கள் செய்யப்போகிற எல்லாமே. நாலு பேருக்கு வேண்டியது அந்த 37 பேரின் சிரிப்பு. அது கிடைக்காவிட்டால் பட்டப்பெயர் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பேச்சுப்போட்டி வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் வைத்திருக்கிறேன். ‘கேலி பேசேல்’ என்று தலைப்புக் கொடுத்தேன், நன்றாகப் பேசுகிற பையன் ஒருவன் கைதட்டல் வாங்கி முதல் பரிசும் வாங்கினான். அன்று மதியம் சத்துணவு வரிசையில் ஒரு சின்னப் பையனின் தட்டைத் தட்டிவிட்டவனும் அவன்தான். அவன் கெட்டவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மேடையில் பேசியதற்கும் வரிசையில் செய்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. நாம் கொடுத்த வார்த்தைகளை மனப்பாடம் செய்து நமக்கே திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான். சுவரில் ஒட்டும் வாசகங்களும் அப்படியே. ஹெச்.எம்.முக்கு ஒரு நாள் கொண்டாட்டம் கட்டாயம் வேண்டும் என்றால், பள்ளி வன்முறைக்கு எதிரான நாள் என்று யுனெஸ்கோ 2020 முதல் நவம்பர் மாதத்து முதல் வியாழக்கிழமையை வைத்திருக்கிறது, அன்றைக்குப் பிள்ளைகள் ஏற்கனவே செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

‘புல்லியிங்’ என்கிறார்களே, இதற்குத் தமிழில் ஒரே சொல் என்ன என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். பிள்ளைகளிடமே கேளுங்கள், கரும்பலகை நிறைந்துவிடும். ஓட்டுறது, கலாய்க்கிறது, வம்பிழுக்கிறது, பட்டப்பேரு வைக்கிறது, ஆட்டத்தில சேர்க்காதது, பையை ஒளிச்சு வைக்கிறது, டூ விடுறது. எழுதி முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்கள், “சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்”. அந்த வாக்கியத்தைப் பெரிதாக நடுவில் எழுதி, எது விளையாட்டு, எது இல்லை என்று பிரிக்கச் சொல்லுங்கள். நார்வேயில் டான் ஓல்வியஸ் என்ற உளவியல் அறிஞர் இதைத்தான் ஆராய்ந்தார், 1983-இல் அந்த நாட்டுப் பள்ளிகள் முழுவதும் நடந்த முதல் பெரிய இயக்கம் அவருடைய வேலையில் இருந்து வந்தது. அவர் சொன்ன அடையாளம் மூன்று: நோகட்டும் என்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. என் வகுப்புப் பெண் ஒருத்தி இதையெல்லாம் கேட்காமலேயே சொன்னாள், “ரெண்டு பேரும் சிரிச்சா விளையாட்டு டீச்சர், ஒருத்தர் மட்டும் சிரிக்கலைன்னா இல்லை.” ஆறாம் ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்புறம், ஆரம்பிக்கும் முன்னால் நம் வாயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளியில் ஒரு பிள்ளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுகிற இடங்களில் தமிழ் வகுப்பும் ஒன்று. நம் பக்கத்தில் ‘வாளப்பளம்’ என்பதுதான் வீட்டுப் பேச்சு, அம்மா அப்பா அப்பத்தா எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அந்தப் பிள்ளை எழுந்து ‘பளம்’ என்று வாசித்ததும் நாம் “என்னது, இன்னொரு தடவை சொல்லு” என்கிறோம், வகுப்பு சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசுகிற பிள்ளை, வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை, திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளை எல்லோருக்கும் இது நடக்கிறது. எங்கே சிரிக்கலாம் என்று வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். நான் செய்தது இதைவிட மோசம். ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தார்கள், அடையாளத்துக்காக ஒருவனை நெட்டை என்றும் இன்னொருவனைக் கருப்பு என்றும் கூப்பிட்டேன், ஒரு வருடம் முழுக்க. இன்ஷியல் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், தோன்றவில்லை. கருப்பு என்று நான் கூப்பிட்டவன் பத்தாவது முடித்துப் போகிற அன்று கையெழுத்து வாங்க நோட்டை நீட்டி, “என் பேரை எழுதிக் கொடுங்க டீச்சர், பேரை” என்றான். அந்த இரண்டாவது ‘பேரை’ இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. மாணவரை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் (2009) 17-ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்கிற காரியமா இது?

அதனால்தான் நான் எப்போதும் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கீழடி நமக்குப் பக்கத்தில்தான், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர். 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி (பழைய தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 56 கிடைத்தன, ஆதன், குவிரன் என்று ஆள்பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. ராஜாக்கள் பெயர் மட்டும்தான் நிலைக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்குச் சாதாரண ஆள் தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான் என்பது பெரிய ஆச்சரியம். ஆளுக்கொரு உடைந்த பானை ஓடு கொடுத்து, ஆணியால் தன் பெயரைக் கீறச் சொல்லுங்கள், முடிந்தால் தமிழி எழுத்திலும். வீட்டுக்குப் போய் அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்டு வந்து பத்து வரி எழுத வேண்டும். குலசாமி பெயர், இறந்துபோன தாத்தா பெயர், பிரசவம் பார்த்த நர்சம்மாவின் பெயர் என்று வரும். வாசிக்கிற அன்று வகுப்பு அமைதியாக இருக்கும், நீங்களே பார்ப்பீர்கள். ஒருவர் பெயருக்குப் பின்னால் ஒரு வீடே நிற்கிறது என்று கேட்ட பிறகு அதே ஆளைப் பட்டப்பெயரில் கூப்பிட வாய் கொஞ்சம் தயங்கும். எல்லோருக்கும் தயங்கும் என்று சொல்ல மாட்டேன், அந்த 37 பேரில் பாதிப் பேருக்குத் தயங்கினாலும் நமக்குப் போதும்.

அடுத்தது இன்னும் எனக்குப் பிடித்தது. குறுந்தொகைப் புலவர்கள் சிலருக்குச் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் எழுதிய ஒரு நல்ல தொடரே பெயராகிவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயல்நீரார், அணில் விளையாடும் முற்றத்தைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார், இப்படி. பட்டப்பெயர் வைப்பது தமிழில் ஒரு காலத்தில் மரியாதையாகவும் இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் காலையில் பார்த்த ஒரு காட்சியை ஒரே வரியில் எழுதவேண்டும், எழுதியவர் பெயர் இல்லாமல் நான் வாசிப்பேன், அந்த வரியிலிருந்து வகுப்பு ஒரு பெயர் எடுக்கும், அப்புறம்தான் யார் என்று தெரியும். ‘தண்ணி லாரிக்கு ஓடிய குடம்’ என்று எழுதியவள் ஓடுகுடத்தார் ஆனாள். மல்லிகைப்பூ கட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன், ‘விடியுமுன் அம்மா விரலில் பூ வாசம்’ என்று எழுதி விரல்வாசத்தார் ஆனான், வருடம் முடியும்வரை நோட்டு அட்டையில் அதைத்தான் எழுதியிருந்தான். உங்கள் பையனும் இதில் ஒரு வரி எழுதுவான், அவன்தான் எழுதினான் என்று தெரியாமலே அவனுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். இதை நீங்கள் அவனுக்காக ஏற்பாடு செய்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது, அவனுக்கென்று தனியாக எதையும் உயர்த்திச் சொல்லவும் கூடாது.

‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ குறளை (667) இந்த இடத்தில் சொல்லலாம், ஆனால் அறிவுரையாகச் சொல்லாதீர்கள். சித்திரைத் தேரோட்டத்துக்கு மாசி வீதியில் நின்ற பிள்ளைகள் இருப்பார்கள், அவ்வளவு பெரிய தேரில் அச்சாணி எங்கே இருக்கிறது, அது கழன்றால் என்ன ஆகும் என்று படம் வரையச் சொல்லுங்கள், குறள் தானாக வந்துவிடும். ஒரு எச்சரிக்கை, ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ குறளை மட்டும் இந்த நேரத்தில் எடுக்காதீர்கள். அடிவாங்குகிற பிள்ளையிடம் நீ நல்லது செய்து அவனை வெட்கப்பட வை என்று சொன்னால், வள்ளுவரும் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் அது நினைக்கும்.

பள்ளி வரைபடம் ஒன்றும் போடலாம். ஆளுக்கொரு தாளில் பள்ளிக்கூடத்தை வரைந்து, பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு, பெயர் எழுத வேண்டாம். வருணனைப் பயிற்சி என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். என் பள்ளியில் சிவப்பு விழுந்தது கழிப்பறைக்குப் பின்னாலும் தண்ணிக் குழாயடியிலும்தான், டவுன்பஸ் நிறுத்தத்தில் அதைவிட அதிகம். அதைக் காட்டியதும் இடைவேளையில் ஒரு ஆசிரியர் குழாயடியில் நிற்பது என்று முடிவானது.

இனி நாடகம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், நாலு வகுப்பாவது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடை புதிதில்லை. திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து மடியில் தூங்கி வளர்ந்தவர்கள், சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பையன்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை ஆரம்பித்ததும் இந்த மதுரையில்தான். ஆனால் வழக்கமான நாடகம் போட்டால் கடைசியில் கெட்டவன் திருந்திவிடுவான், எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) ‘ஃபோரம் தியேட்டர்’ என்று ஒரு முறையை உருவாக்கினார். ஒரு சின்னக் காட்சி, அநியாயத்தில் முடியும். அதையே திரும்ப முதலிலிருந்து நடிப்பார்கள், இந்தத் தடவை பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லிவிட்டு மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் தான் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். நான் வகுப்புக்காக ஒரு விதி சேர்த்தேன்: வேடிக்கை பார்க்கிறவர்களின் இடத்துக்கு மட்டும்தான் வரலாம். வம்பிழுப்பவனையும் மாற்றக்கூடாது, மாட்டிக்கொண்டவனையும் மாற்றக்கூடாது.

காட்சி எங்கோ இன்னொரு பள்ளியில் நடப்பதாக இருக்கட்டும், உங்கள் வகுப்புக் கதையை வைக்காதீர்கள். உங்கள் பையனை மாட்டிக்கொள்கிறவனாகவும் அந்த நாலு பேரில் யாரையும் வில்லனாகவும் நடிக்க விடாதீர்கள், அவர்களே ஆசைப்பட்டுக் கேட்டாலும். பையை ஒளித்துவைப்பது, வரிசையிலிருந்து தள்ளுவது, இந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும். நாங்கள் எடுத்துக்கொண்டது சத்துணவு வரிசை. மூன்று பேர் ஒருவனைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளுகிறார்கள், நாலு பேர் பார்க்கிறார்கள், முட்டை தீர்ந்துவிடுகிறது.

முதல் “நிறுத்து” ஒரு பையனுடையது, மேடையேறியதும் ஓங்கி ஒரு குத்து விட்டான், சினிமாவில் பார்க்கிற மாதிரியே. வகுப்பே விசில் அடித்தது. சரி, சாயங்காலம் என்ன நடக்கும் என்று கேட்டேன். வில்லனாக நடித்தவன் யோசிக்காமல் சொன்னான், “பஸ் ஸ்டாண்டுல ஏழு பேரைக் கூட்டிட்டு வருவேன்.” அடுத்தவள் டீச்சரிடம் சொல்லப் போனாள். டீச்சர் வேடம் போட்டிருந்த பிள்ளை நோட்டுத் திருத்திக்கொண்டே தலையைத் தூக்காமல், “நீ என்ன பண்ணுன? ஒண்ணும் பண்ணாமலா தள்ளுனான்?” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வசனத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாவதாக, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் வந்தாள். வில்லன் பக்கம் திரும்பவே இல்லை, நேராகப் போய் தள்ளப்பட்டவனின் தட்டைப் பிடித்து, “எங்க வரிசைல வந்து நில்லு, வா” என்றாள். வேடிக்கை பார்த்த மற்ற மூன்று பேரும் அவர்களாகவே ஒரு அடி நகர்ந்து இடம் விட்டார்கள். வில்லன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னைப் பார்த்து, “டீச்சர், இப்ப நான் என்ன பண்றது?” என்றான். அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. நடந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள், குறுக்கே வந்தது 19 சதவீதத்தில் மட்டும். அப்படி யாராவது குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 நொடிக்குள் நின்றுபோயிருக்கிறது. அந்தப் பெண் மேடையில் எடுத்துக்கொண்டது 10 நொடிகூட இருக்காது.

நாடகம் முடிந்ததும் ஒரு பயிற்சி கட்டாயம் வையுங்கள். குறுக்கே வரும்போது சொல்லக்கூடிய வாக்கியங்களைப் பிள்ளைகளே எழுதட்டும், அவர்கள் பேச்சில். “வாடா போலாம்”, “அவன் பேரு அது இல்ல”, “எனக்குச் சிரிப்பு வரல”. சத்தமாகச் சொல்லிப் பழகவேண்டும். மனதுக்குள் நல்லவர்களாக இருக்கிற பிள்ளைகள் நிறைய, அந்த நேரத்தில் வாயில் வார்த்தை வராததால்தான் சும்மா நிற்கிறார்கள். வார்த்தை கொடுப்பது நம் பாடம்தானே?

ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ்வரியை எடுங்கள். கண்ணகி இந்த மதுரைத் தெருவில் நின்று “சான்றோரும் உண்டுகொல் சான்றோரும் உண்டுகொல்” என்று கேட்கிறாள். பாதி வகுப்பு கண்ணகியாகக் கேட்கட்டும், மீதி வகுப்பு ஊர்க்காரர்களாக வாய்மூடி நிற்கட்டும். பிறகு ஊர்க்காரர் ஒருவர் அன்றிரவு எழுதிய நாட்குறிப்பாக ஒரு பக்கம். வழக்குரை காதையில் அரசனிடம் வாதாடுவதை எல்லாப் பள்ளியும் மேடையேற்றுகிறது, தெருவில் நின்றவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதுவரை எல்லாம் நல்லபடியாகச் சொன்னேன், இனி கவனம். ‘உன்னைக் காயப்படுத்திய சம்பவம்’ என்று கட்டுரை கொடுத்து எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அது அடுத்த நாள் கேலிக்குச் சரக்கு. ஒரு கிழிந்த பையோ செருப்போ தன் கதையைச் சொல்வதாக எழுதச் சொல்லுங்கள், சொல்ல வேண்டியவர்கள் அதற்குள் சொல்லிவிடுவார்கள். அப்படி ஏதாவது வந்தால் சிவப்பு மையில் சந்திப்பிழை திருத்தி அனுப்பிவிடாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பாலியல் விஷயம் என்றால் போக்சோ சட்டப்படி (2012) நாம் தெரிவித்தே ஆகவேண்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக்கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் வகுப்பில் எழுதிப் போடுங்கள், ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி உங்கள் பள்ளியில் இருந்தால் அதை யார் எப்போது திறக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

சாதி உள்ளே இருந்தால் அதைக் கேலி என்று எழுதாதீர்கள். கையில் கட்டுகிற கயிற்று நிறம், ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிப்பது, தட்டைத் தொடாமல் நகர்வது, நம் பக்கத்தில் இதெல்லாம் என்ன என்று நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், அதற்கு முன் பள்ளியில் அவன் பட்ட தொல்லை இருக்கிறது. அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னார்கள். அந்த மாதிரி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் கவிதையும் நாடகமும் போதாது, அன்றைக்கே எழுத்தில் ஹெச்.எம்.முக்குக் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனையும் அந்த நாலு பேரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள், கைகுலுக்கிவிட்டு வெளியே போய் அடிப்பார்கள். அந்த நாலு பேரிடம் ஒவ்வொருவராக, தனித்தனியாகப் பேசுங்கள், கூட்டமாக அல்ல. அவனை இப்போதைக்குத் தனியாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், வரிசையாக நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கட்டும், அதில் அவன் குரல் கலந்து வரும், ஒரு நாள் நீங்களே கேட்பீர்கள். வருகைப்பதிவில் எல்லோருக்கும் இன்ஷியலோடு முழுப்பெயர் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் திட்டாமல், அதே பெயரை அதே குரலில் இன்னொரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

பெயர் கீறுவதற்கான பானை ஓட்டுக்கு விளாச்சேரி போய்ப் பாருங்கள், திருமங்கலத்திலிருந்து பக்கம்தான். பொம்மை செய்கிற வீடுகளில் உடைந்த மண்பாண்டம் கிடக்கும், என்னிடம் காசு வாங்கவில்லை. 42 பேருக்கு 60 ஓடாவது எடுத்துக்கொள்ளுங்கள், கீறும்போது சிலது உடையும். முனை கூராக இருப்பதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள், பிள்ளைகள் உங்கள் பெயருக்கும் கதை கேட்பார்கள்.